எழும்பூர் அலமாரிகளுக்கு முன்னால்: மதராஸ் இலக்கியச் சங்கத்தின் இயற்கைச் சேகரிப்புகள் (கேள்வி பதில்)

1812இல் தொடங்கிய மதராஸ் இலக்கியச் சங்கம் சேர்த்துவைத்த பாறைகளும் பிற பொருள்களும்தான் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு முதல் கைமுதல். அந்தச் சேகரிப்பும், சங்கத்தைச் சுற்றி இயங்கிய இயற்கை ஆர்வலர்கள் திரட்டியவையும் என்ன ஆயின, அவற்றால் இன்று நமக்கு என்ன பயன் என்று சென்னை நண்பர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தார்கள். விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பழைய மாதிரிகளையும் அவற்றின் சீட்டுகளையும் பார்ப்பதில் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (போட்டித் தேர்வு மாணவி, அண்ணா நகர்): இலக்கியச் சங்கம் ஏன் கல்லையும் பூச்சியையும் சேர்த்தது?

பதில்: அந்தக் காலத்தில் அறிவுத்துறைகள் இன்றுபோல் தனித்தனி அறைகளில் உட்காரவில்லை, அம்மா. சங்கத்தைத் தொடங்கியவர் நீதிபதி சர் ஜான் நியூபோல்ட். செயலாளர் பெஞ்சமின் பாபிங்டன். நீதிபதிகள், வருவாய் அதிகாரிகள், படை அதிகாரிகள், மருத்துவர்கள் ஆகியோர்தாம் உறுப்பினர்கள். 1830இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் துணைச் சங்கமானது. 1833 முதல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ்’ என்ற இதழ் வெளிவந்தது. அதைப் புரட்டினால் ஒரு கல்வெட்டுக் கட்டுரை, அடுத்து வானிலைக் கணக்கு, அடுத்து மீன்களின் பட்டியல் என்று போகும்.

இதில் மருத்துவர்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பறவைகளுக்கு ஜெர்டன், தாவரங்களுக்கு ராபர்ட் வைட், அருங்காட்சியகத்துக்கு எட்வர்ட் பால்ஃபர், பிற்பாடு மீன்களுக்கு ஃபிரான்சிஸ் டே என இந்த நால்வருமே கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மருத்துவர்களாக வந்தவர்கள். மருத்துவப் படிப்பில் அன்று தாவரவியல் கட்டாயம் இருந்தது. அறுத்துப் பார்க்கும் கைப்பழக்கம் இருந்தது. மாவட்டம் மாவட்டமாக மாற்றலும் வந்துகொண்டே இருந்தது. இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் அவர் சேகரிப்பாளர் ஆகாமல் இருப்பதுதான் அதிசயம்.

கேள்வி (இல்லத்தரசி, புளியந்தோப்பு): என் பாட்டி மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றே சொல்வார். ஏன் காலேஜ்?

பதில்: வடசென்னையில் பலருடைய பாட்டிகளும் அப்படித்தான் சொன்னார்கள். 1851இல் அருங்காட்சியகம் திறந்தபோது எழும்பூரில் திறக்கவில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில்தான் திறந்தார்கள். கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்த கல்லூரி அது. 1854இல் இன்றைய பாந்தியன் சாலை இடத்துக்கு மாறிய பிறகும் மக்கள் வாயில் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’.

கேள்வி (கல்லூரி மாணவர், தாம்பரம்): உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சிசாலையா? அதற்கும் சங்கத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடியாக இல்லை, பால்ஃபர் வழியாக உண்டு. அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரண்டு வருவார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைக் கொடையாகப் பெற்றார். 1855இல் அங்கேயே மிருகக்காட்சிசாலை தொடங்கியது. 1860களில் அது சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. உங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்தில் உறுமும் சிங்கத்தின் பூர்வீகம் எழும்பூர்தான்.

கேள்வி (தொல்லியல் ஆர்வலர், மயிலாப்பூர்): சங்கம் கொடுத்த அந்த முதல் சேகரிப்பை இன்று போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: இதைத்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1846இல் மதராஸில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற யோசனையை எழுப்பியது சங்கம். ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் லண்டனிலிருந்து அனுமதி பெற்றுத் தந்தார். சங்கம் கொடுத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடு 1851இல் கதவு திறந்தது. முதல் பொறுப்பாளர் பால்ஃபர். சம்பளம் இல்லாத கூடுதல் வேலையாக அதை அவர் பார்த்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதன்பிறகு அந்த 1,100 கற்களின் மேல் நூற்றெழுபது ஆண்டுகளின் வரவு குவிந்துவிட்டது. பாறை, பறவை, மீன், நாணயம், செப்புத்திருமேனி என்று எல்லாமே வந்து சேர்ந்தன. ‘இது சங்கத்தின் அலமாரி’ என்று தனியாக ஓர் அலமாரியைத் தேடிப் போனால் ஏமாறுவீர்கள். பழைய சேகரிப்பு புதியதற்குள் கரைந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க உதவுபவை இரண்டே இரண்டு: மாதிரியோடு கட்டிய சீட்டும் பதிவேட்டு எண்ணும்.

பாடம் செய்த ஆராய்ச்சிப் பறவை ஒன்றை அருகில் பார்த்திருக்கிறீர்களா? காட்சிக்கூடத்தில் கிளைமேல் நிற்கும் பறவையைச் சொல்லவில்லை. இழுப்பறைக்குள் மல்லாக்கப் படுத்திருக்கும் பறவையைச் சொல்கிறேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். இரண்டு கால்களையும் குறுக்காக வைத்து நூலால் கட்டியிருப்பார்கள். அந்த நூலிலேயே ஒரு சிறு சீட்டு தொங்கும். எந்த ஊர், எந்த நாள், ஆணா பெண்ணா, யார் பிடித்தது என்பவை அதில் இருக்கும். பழுப்பேறிய அந்தச் சீட்டு இருக்கும்வரை அது ஒரு சான்று. நூல் அறுந்து சீட்டு விழுந்துவிட்டால் மிஞ்சுவது இறகு மூடிய பஞ்சுதான். எந்தக் காட்டில், எந்த ஆண்டில் அது பறந்தது என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே மாதிரி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சீட்டு இருக்கிறதா, பதிவேடு இருக்கிறதா, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேளுங்கள்.

கேள்வி (பறவை ஆர்வலர், பள்ளிக்கரணை): ஜெர்டன் பெயரை எல்லாப் பறவைப் புத்தகங்களிலும் பார்க்கிறேன். அவருடைய மாதிரிகள் சென்னையிலா இருக்கின்றன?

பதில்: தாமஸ் ஜெர்டன் 1836இல் மதராஸ் வந்தார். தீபகற்ப இந்தியாவின் பறவைப் பட்டியலை 1839–40இல் சங்கத்தின் இதழில்தான் வெளியிட்டார். அதில் 420 இனங்கள். அதற்கு முன் கர்னல் சைக்ஸ் தக்காணத்துக்குப் போட்ட பட்டியலைவிட ஏறத்தாழ 200 கூடுதல்.

அந்தப் பட்டியல் பிறந்த விதத்தைக் கேளுங்கள். பெயர் சரிபார்த்துத் தருமாறு தம் பறவைத் தோல்களை அவர் ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டினுக்கு அனுப்பினார். பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்துப்பூச்சி அரித்திருந்தது. ஒரு மனிதர் வெயிலில் அலைந்து சேர்த்ததெல்லாம் கப்பலிலேயே பொடியாகிவிட்டது. அவர் கையில் மிச்சம் இருந்தவை குறிப்புகள்தாம். அவற்றையும் தம் சொந்த அடையாளத்தையும் நம்பியே அச்சுக்குக் கொடுத்தார். மாதிரி அழிந்தபின்னும் அறிவு அழியாமல் நின்றதற்குக் காரணம், ஊரில் ஓர் இதழ் இருந்ததும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்ததும்தான். சங்கம் நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் அந்த இதழுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்டன் கோர்சர் என்ற பறவை; தெலுங்கில் கலிவிக்கோடி. ஜெர்டன் கொடுத்த மாதிரியைக் கொண்டு விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் அதை 1848இல் புதிய இனமாகப் பெயர் சூட்டி விவரித்தார். 1900 வாக்கில் கடைசியாகக் கண்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் தகவலே இல்லை. அழிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பழைய குறிப்புகளில் இருந்த நெல்லூர், கடப்பை வட்டாரத்தை வைத்துத் தேடினார்கள். 1986இல் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில், உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவரின் கையில் அது கிடைத்தது. பழைய இடப்பெயர்கள் எழுத்தில் இல்லாமல் போயிருந்தால் எந்தக் காட்டில் போய்த் தேடியிருப்பார்கள்?

எறும்பு ஆராய்ச்சியிலும் இப்படி ஒன்று உண்டு. துள்ளிக் குதிக்கும் நம் ஊர் எறும்பு ஒன்றை ஜெர்டன் 1851இல் இதே இதழில் விவரித்தார். அதன் மரபணுத் தொகுதியை 2010இல் வாசித்து முடித்தார்கள். ராணி இறந்தால் வேலைக்கார எறும்பு அந்த இடத்துக்கு வரக்கூடிய இனம் என்பதால் இன்று உலகின் முன்னணி ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஜெர்டனின் மாதிரிகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின, பல அழிந்தும் போயின.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்): வேறு என்னென்ன வெளியே போயின?

பதில்: பட்டியல் நீளம். கைக்கு வந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

வால்டர் எலியட் ஒரு வருவாய் அதிகாரி. பாலூட்டிகள் பற்றிய அவருடைய பட்டியல் 1839இல் சங்க இதழில் வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மதராஸ் மரமூஞ்சூறு அவர் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கியிருக்கிறது. 1850இல் லண்டனில் வாட்டர்ஹவுஸ் அதை விவரித்தார். ஏற்காட்டில் பகலில் பாறைகளுக்கிடையே அணிலைப்போல் ஓடும். பார்ப்பவர்களில் பலர் அணில் என்றே நினைத்துவிடுவார்கள். மூல மாதிரி, அதாவது இனத்தை விவரிக்க ஆதாரமாக இருந்த மாதிரி, லண்டனில் இருக்கிறது.

முள்ளெலியும் அப்படியே. தேரி மணலிலும் வேலியோரங்களிலும் இரவில் திரியும் நம் முள்ளெலியை 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு விவரித்தது லண்டன் கம்பெனி அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டு. அந்த அருங்காட்சியகம் 1879இல் கலைக்கப்பட்டபோது உயிரினங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின.

புதைபடிவங்களில் நமக்கு நேர்ந்தது இன்னும் பெரியது. சி.டி. கே, ப்ரூக் கன்லிஃப் என்ற இரு மதராஸ் அதிகாரிகள் 1840களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கடல் உயிரினப் படிவங்களைச் சேர்த்தார்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு முதல் சான்றுகள் அவை. மூட்டை கட்டி லண்டன் நிலவியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். பின்னர் நிலவியலாளர் ஸ்டோலிச்கா எழுதிய பெரிய தொகுதிகளுக்கு அடிப்படையான படிவங்கள் கல்கத்தாவில் இருக்கின்றன. அரியலூர் மண்ணில் கிடைத்த நத்தைக்கும் சங்குக்கும் பெயர் சரிபார்க்க ஒரு தமிழ்நாட்டு மாணவர் லண்டனையும் கல்கத்தாவையும் நாட வேண்டியிருக்கிறது.

ஃபிரான்சிஸ் டேயின் மீன்கள் இன்னும் அதிகமாகச் சிதறின. 1880களில் ஒரு தொகுதி சிட்னிக்கே போயிற்று.

கேள்வி (அதே நண்பர்): அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டாமா?

பதில்: கேட்கலாம். எனக்கு அதில் மனத்தடை இல்லை. நம் மண்ணில் எடுத்தவை. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. ஒவ்வொரு மூல மாதிரிக்கும் தெளிவான படங்கள், அதன் சீட்டின் இரு பக்கப் படங்கள், பதிவேட்டுப் பக்கத்தின் படம் ஆகியவை இலவசமாக நம் மாணவர் கைக்கு வர வேண்டும். சிறு பாம்புகளை ஆராய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேற்கு மலையில் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் பலவற்றை வன அதிகாரி பெடோம் 1860களிலிருந்து விவரித்தார். மூல மாதிரிகள் லண்டனில். கையில் பிடித்த பாம்பு புதியதா, பெடோம் சொன்னதா என்று தெரிந்துகொள்ள இன்றும் அங்கே ஆளனுப்ப வேண்டியிருக்கிறது. கப்பலில் பெட்டி வந்து சேர ஆகும் காலத்தில் இரண்டு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்துவிடுவார்கள். படங்களை இந்த ஆண்டே அனுப்பலாம்.

கேள்வி (தமிழாசிரியர், வியாசர்பாடி): பட்டியலில் எல்லாம் வெள்ளைக்காரர் பெயர்கள். நம் ஆட்கள் எங்கே?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பறவையைக் கண்ணி வைத்துப் பிடித்தவர், தோலை உரித்தவர், எந்தக் குளத்தில் எந்த மீன் எந்த மாதத்தில் ஏறும் என்று சொன்னவர், படம் வரைந்தவர் என எல்லோரும் இங்கிருந்தவர்களே. அச்சில் அவர்கள் பெரும்பாலும் ‘உள்ளூர் ஆள்’ என்ற அளவோடு நின்றுவிட்டார்கள். ஜெர்டனின் பறவைப் படத் தொகுதி 1840களில் மதராஸில் வெளிவந்தது. படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். புகழ் யாருக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராபர்ட் வைட் இதில் கொஞ்சம் நேர்மையானவர். அவருக்கு வரைந்துகொடுத்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களும் படங்களில் இருக்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வைட் 1838 முதல் 1853 வரை மதராஸில் அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அந்தப் பெயர் வேறொரு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் ஓர் ஓவியருக்கு அந்த மரியாதை கிடைத்தது பெரிய விஷயம்.

அறிவுத்துறையின் கதவு எந்த அளவுக்குத் திறந்திருந்தது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவடிகளைத் திரட்டிய நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் தலைமை உதவியாளராக இருந்த காவலி வெங்கட லட்சுமய்யா, மெக்கன்சி விட்டுச்சென்ற சுவடிப் பணியைத் தொடர 1830களில் அனுமதி கேட்டார். அந்தச் சுவடிகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று எவருமில்லை. ஓர் இந்தியரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போனது அந்த வேலை. சேகரிப்புகளைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (ஆய்வு மாணவி, கிண்டி): 1812க்கு முன்பு இங்கே எவரும் சேகரிக்கவில்லையா?

பதில்: தரங்கம்பாடியில் சேகரித்தார்கள். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் அங்கே வந்தார். அவரும் ஜான், ரோட்லர், க்ளைன் போன்ற பாதிரியார்களும் மருத்துவர்களும் செடிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு ஒரு சகோதர வட்டமாக இயங்கினார்கள். ரோட்லர் பின்னர் நம் வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் காலமானார். தமிழ்–ஆங்கில அகராதி செய்தவரும் அவரே. உலர்த்தி ஒட்டிவைத்த அவருடைய செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி (மாடித்தோட்டக்காரர், மாதவரம்): தாவர மாதிரிகளாவது இங்கே மிஞ்சியதா?

பதில்: மிஞ்சியது, ஆனால் கோயம்புத்தூரில். ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ என்பதைச் சுருக்கி எம்.எச். என்பார்கள். எழும்பூரில் இருந்த தாவரத் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு மாறியது. 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் வட்டம் அதைப் பராமரிக்கிறது. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூலுக்கு அந்தத் தாள்கள் பெரிய ஆதாரம். ஊர் மாறினாலும் எம்.எச். என்ற எழுத்துகளை மாற்றவில்லை. உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்த எழுத்துகளைப் போட்டுத்தான் தாளைச் சுட்டுகிறார்கள்.

கேள்வி (தந்தை, பெரம்பூர்): எட்டு வயது மகனோடு போகிறேன். எதைக் காட்டுவது?

பதில்: திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை. 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. முதுகெலும்பு வரிசையின் ஒரு முனையில் பையனை நிறுத்தி மறுமுனை வரைக்கும் எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். துடுப்புக்குள் நம் கைவிரல்களைப் போலவே எலும்புகள் இருப்பதைக் காட்டுங்கள். யானை எலும்புக்கூட்டையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கேள்வி (செவிலியர், கீழ்ப்பாக்கம்): பழைய பாடம் செய்த விலங்குகளில் விஷம் இருக்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புழு அரிக்காமலிருக்கத் தோலின் உட்புறம் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். அது இன்னமும் அங்கேயே இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், ஊதித் தூசி தட்டாதீர்கள், குழந்தைகளைத் தடவிப் பார்க்க விடாதீர்கள்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர், ராயப்பேட்டை): தாத்தா காலத்து மான் தலையும் சிறுத்தைத் தோலும் வீட்டில் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: நேரே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும். விற்பது குற்றம். தாத்தா பெயரில் சான்று இருக்கிறதா என்று பழைய பெட்டிகளில் தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள். சான்று உள்ளவர்கள் தாமாக ஒப்படைக்க 2022 திருத்தம் வழி செய்திருக்கிறது. அதற்கு இழப்பீடு கிடையாது. எந்த ஊரில், எந்த ஆண்டில் சுட்டது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் இப்போதே எழுதி அதோடு வையுங்கள்.

கேள்வி (புகைப்படக்காரர், திருவான்மியூர்): இன்று கேமரா இருக்கிறது. உயிரைக் கொன்று பாடம் செய்வது இனியும் தேவையா?

பதில்: பறவைகளுக்கும் பெரிய விலங்குகளுக்கும் பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் படத்தோடு இடமும் நாளும் சேர்ந்திருந்தால் அதுவே நல்ல ஆவணம். ஆனால் மண்புழு, நண்டு, சிலந்தி, சிறு மீன் போன்றவற்றில் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. அங்கே மாதிரி வேண்டும். அதற்கும் இன்று முறை இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும். புதிய இனம் என்றால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அரசு குறித்துள்ள காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

கொல்வது உங்களுக்கு வருத்தம் தருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அதே வருத்தம்தான் என்னை இந்தப் பழைய மாதிரிகளைக் காப்பாற்றச் சொல்கிறது. ஏற்கெனவே உயிரைக் கொடுத்துவிட்டவை அவை. அவற்றை அந்துக்கும் பூஞ்சைக்கும் விட்டுவிட்டுப் புதிதாகப் பிடிக்கப் போவது இரட்டை அநியாயம்.

கேள்வி (நூலகர், நுங்கம்பாக்கம்): சங்கம் இன்னும் இருக்கிறதா? பழைய இதழ்களை எங்கே படிக்கலாம்?

பதில்: இருக்கிறது, உங்கள் பக்கத்திலேயே! கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்துக்குள் போனால் செங்கல் நிறத்தில் நூறாண்டு தாண்டிய கட்டடம் ஒன்று தெரியும். உள்ளே கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். உறுப்பினராகி அமர்ந்து படிக்கலாம். சிதைந்த புத்தகம் ஒன்றைத் தத்தெடுத்துச் செப்பனிடும் செலவை ஏற்கும் திட்டமும் நடத்தினார்கள். இதழின் பழைய தொகுதிகளைப் பல்லுயிர் மரபு நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் காசில்லாமல் படிக்கலாம். 1849ஆம் ஆண்டுத் தொகுதியைத் திறந்து, மரங்கள் தட்பவெப்பத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று பால்ஃபர் எழுதியதைப் படித்துப் பாருங்கள். காட்டை அழித்தால் மழையும் ஊற்றும் என்ன ஆகும் என்று அன்றே கவலைப்பட்டிருக்கிறார். இந்தக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவர எவராவது முன்வந்தால் உடன் உழைக்க நான் தயார்.

கேள்வி (விலங்கியல் ஆசிரியை, திருவொற்றியூர்): எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய பாட்டில்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பாம்பு, நட்சத்திர மீன், கடல் குதிரை என்று தெரிகிறது. பாதி பாட்டில்களில் திரவம் வற்றிவிட்டது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தூக்கிப் போட விடாதீர்கள், அம்மா. பழைய எண்ணூர்க் கழிமுகத்தின் உயிரினங்கள் அந்தப் பாட்டில்களில் இருக்கக்கூடும். இப்போது அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் எந்தப் பாட்டிலையும் திறக்காமல், இருக்கிற இடத்திலேயே ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கண்ணாடிமேல் ஒட்டிய தாள், மூடிமேல் எழுதிய எண், உள்ளே மிதக்கும் சீட்டு என எது தெரிந்தாலும் கிட்டத்தில் எடுங்கள். பழைய இருப்புப் பதிவேட்டைத் தலைமை ஆசிரியர் அறையில் தேடுங்கள். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். எந்தப் பாட்டில் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகுதான் திரவம். உள்ளே இருப்பது பார்மலினா ஸ்பிரிட்டா என்று தெரியாமல் ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். பார்மலின் ஆவி மூச்சுக்குக் கேடு. புற்றுநோயும் உண்டாக்கக் கூடியது. ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும், மாணவர்களை விடாதீர்கள். முழுதும் வற்றிய பாட்டிலில் உடனே திரவம் ஊற்றினால் மாதிரி உடையலாம். அதை அப்படியே தனியே வைத்துவிட்டு அருங்காட்சியகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

புதுச் சீட்டு எழுதும்போது பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பழைய சீட்டை எடுக்காதீர்கள். கிழிந்திருந்தாலும் அதுவும் உள்ளேயே கிடக்கட்டும். தெரியாத இடத்தில் ஊகத்தை எழுதாமல் வெற்றிடமாக விடுங்கள்.

பதிவேட்டை இரண்டு படிகளாக எழுதி ஒன்றை ஆய்வகத்திலும் மற்றொன்றைப் பள்ளி நூலகத்திலும் வையுங்கள். படங்கள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். மீன்களுக்கும் பாம்புகளுக்கும் பெயர் கண்டுபிடிக்க நானே ஒரு சனிக்கிழமை திருவொற்றியூர் வந்து உங்களோடு உட்காருகிறேன்.